உளி படாத பாறை

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்து ரேபிட் சிட்டியிலிருந்து காரில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களில் பலர் வழியில் இரண்டு இடங்களில் இறங்குவார்கள். ஒன்று ரஷ்மோர் மலை. 1927 முதல் 1941 வரை டைனமைட் வைத்துத் தகர்த்து, நான்கு ஜனாதிபதிகளின் முகங்களை 60 அடி உயரத்தில் அங்கே செதுக்கினார்கள். மற்றது வயோமிங்கின் டெவில்ஸ் டவர், அடியிலிருந்து 867 அடி எழும் ஒற்றைப் பாறை. 1906-இல் அதை நாட்டின் முதல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தவர் தியோடர் ரூஸ்வெல்ட். ரஷ்மோரின் நான்கு முகங்களில் அவருடையதும் ஒன்று. ஒரு மலை புனிதமானது என்பதற்குச் சாட்சி, அதன்மேல் மனிதன் செய்துவைத்ததா, செய்ய முடிந்தும் செய்யாமல் விட்டதா? விட்டதுதான் என்பது என் கட்சி.

ரஷ்மோர் அடங்கிய பிளாக் ஹில்ஸ் மலைத்தொடர் முழுவதுமே லகோட்டா பழங்குடி மக்களுக்குப் புனிதம். முகங்கள் வருவதற்கு முன்பே அந்த மலையை அவர்கள் 'ஆறு பாட்டன்மார்' என்று அழைத்தார்கள். அந்நிலம் அவர்களுக்கே என்று 1868-இல் ஒப்பந்தம் எழுதிய அரசு, 1874-இல் தங்கம் தென்பட்ட பின், 1877-இல் பிடுங்கிக்கொண்டது. இழப்பீடு தரவேண்டும் என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வட்டியோடு 10 கோடி டாலருக்கும் மேல். வறுமையில் இருந்தும் அவர்கள் அதைத் தொடவில்லை. கல்லுக்கு வலிக்குமா, புனிதமெல்லாம் மனத்தில்தானே என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். மனத்தில்தான் இருக்கிறது, சரி. பெற்றவள்மேல் உள்ள பாசமும் அங்கேதான் இருக்கிறது. அதற்கு யாராவது விலை பேசுவார்களா?

செதுக்குவதும் வழிபாடுதானே என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. மாமல்லபுரத்துப் பாறையைக் குடைந்த உளியை நாம் குறை சொல்வதில்லை. ரஷ்மோருக்கு அருகிலேயே, லகோட்டா தலைவர் ஹென்றி ஸ்டாண்டிங் பேர் அழைத்ததன்பேரில், அம்மக்களின் போர்த்தலைவர் கிரேஸி ஹார்ஸின் உருவத்தை 1948 முதல் மலையில் வெட்டிவருகிறார்கள். அது சரியா என்பதில் லகோட்டாக்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. உளியே பாவம் என்று நான் சொல்லவரவில்லை. தான் கும்பிடுவதைக் கல்லில் காண்பது வேறு, அடுத்தவர் கும்பிடும் கல்லில் வென்றவர் தம் முகத்தைப் பதிப்பது வேறு.

டெவில்ஸ் டவரின் பக்கங்களில் மேலிருந்து கீழ்வரை நீளும் பள்ளங்கள் கரடியின் நகக்கீறல்கள் என்கிறது கயோவா பழங்குடியினரின் கதை. துரத்திய கரடிக்குத் தப்பச் சிறுமிகள் ஏறி நின்ற பாறை வளர்ந்துகொண்டே போய், அவர்கள் விண்மீன்கள் ஆனார்களாம். கதையின் ஒரு வடிவத்தில் அவை நாம் கார்த்திகை என்று அண்ணாந்து பார்க்கும் அதே மீன்கள். பழங்குடிகளின் சடங்குகள் நடக்கும் ஜூன் மாதத்தில் பாறை ஏற வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் 1995 முதல் கேட்டுக்கொள்கிறது. இது தடை இல்லை, வேண்டுகோள். அரசு ஒரு மதத்துக்குச் சாய்கிறது என்று போடப்பட்ட வழக்கு தோற்றது. கட்டாயம் இல்லாததால் பயனும் இல்லை என்பாரும் உண்டு. எனக்கு அதன் பெருமையே அதுதான்: சோறு இல்லாமல் கிடப்பதை யாரும் விரதம் என்பதில்லை. பெரும்பாலான மலையேறிகள் அந்த மாதம் கயிற்றை எடுப்பதில்லை.

ஆனால் விட்டுவைப்பதிலும் பொய் உண்டு. 1872-இல் யெல்லோஸ்டோன் பூங்காவானது. அங்கே வாழ்ந்த ஷோஷோனி குடும்பங்கள் பின்னர் வெளியேற்றப்பட்டன. பிறரைத் துரத்திவிட்டுக் காக்கும் தூய்மையை நான் சாட்சியாக ஏற்கமாட்டேன். டவரைச் சுற்றும் நடைபாதையோரம் பைன் கிளைகளில் பழங்குடியினர் வேண்டிக் கட்டிய துணிகள் தொங்குகின்றன. வருகிறவர்கள் அவற்றைத் தொடாமல் கடந்து போகிறார்கள். வெயிலில் சாயம் வெளுத்து, அவை கிளையிலேயே கிடக்கின்றன.