ஈரோடு டு பழனி: காவடி நடக்கிற ரோடு

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

ஈரோட்டில் இருந்து அரச்சலூர், காங்கேயம், தாராபுரம் வழியா பழனிக்குப் போற ரோடு, மேப்பில் பார்த்தால் சாதாரண மாநில நெடுஞ்சாலைதான். தைப்பூசம் நெருங்கினால் அது காவடிப் பாதை.

காங்கேயம் பக்கத்தில் சிவன்மலை. பக்தர் கனவில் ஆண்டவன் சொல்ற பொருளை, பூ போட்டுப் பார்த்து, உத்தரவுப் பெட்டியில் வைக்கிற மலை. அப்புறம் தாராபுரம், அமராவதி ஆறு (தண்ணி ஓடினா அதுவே வரம்!). அங்கிருந்து பழனி இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேல. கார்ல ஒரு மணி நேரம். கால்ல கொப்புளத்தோட ஒரு முழு ராத்திரி.

அம்மையப்பனைச் சுத்தி வந்து பழம் வாங்கினவர் பிள்ளையார். உலகத்தையே சுத்தி வந்தவன் நம்ம முருகன். தூரம்னா என்னன்னு அவனுக்குத் தெரியும். நடந்து வர்றவங்க மேல அவனுக்குத் தனிப் பிரியம்னு நான் நம்புறேன்.

ஆனா இருட்டுல பச்சை வேட்டி வண்டிக்காரர் கண்ணுக்குத் தெரியாது. முதுகுல, பையில ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்க. எதிர்ல வர்ற வண்டி தெரியுற மாதிரி வலது ஓரமா நடங்க. இயர்போன் வேணாம், கூட்டமாவே பாடுங்க.

கார்ல போற பக்தர்களே, தரிசனத்துக்கு லேட்டாகுதுன்னு அந்தக் கூட்டத்தை உரசிட்டுப் போகாதீங்க. அதுலயும் அவன்தான் நடக்கிறான். தாராபுரம் தாண்டினதும் வேகத்தைக் குறைங்க.

வேலும் மயிலும் துணை.