விதியை மாற்றும் உரிமை யாருக்கு?

திருப்பனந்தாளில் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் கேட்டார்: "மாமா, எல்லோரும் ஒப்புக்கொண்ட விதியைப் பிறகு பெரும்பான்மையோர் சேர்ந்து மாற்றலாமா?"

அவர் கேட்டது கம்ப்யூட்டர் நாணயங்களைப் பற்றி. அவற்றில் பணம் போடுவது ஆகுமா, ஆகாதா என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். அவருடைய கேள்வி நம் எல்லோருக்கும் உரியது.

2016 ஜூனில், ஈதீரியம் என்னும் நாணயத்தில் பலர் சேர்த்த பொதுநிதியிலிருந்து, நிரலில் இருந்த ஓட்டை வழியே சுமார் 36 லட்சம் ஈதர் களவு போயிற்று. ஜூலை 20இல் விதியை மாற்றிப் பணத்தை மீட்டார்கள். "நிரல் அனுமதித்ததை எப்படித் திருத்தலாம்?" என்று மறுத்தவர்கள் பழைய கணக்கிலேயே நின்றார்கள். நாணயம் இரண்டாகப் பிரிந்தது. அங்கே எவரும் மாற்றத்தை எழுதி முன்வைக்கலாம். ஆனால் எவர் கம்ப்யூட்டரிலும் அதைத் திணிக்க முடியாது. ஏற்பவர் புதிய நிரலை ஓட்டுவார். ஏற்காதவர் விலகி நிற்பார்.

இது புதிய சங்கதியா? உத்திரமேரூர்ச் சபையார் 919இல் குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில், 921இல், அவற்றைத் திருத்தினார்கள். 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 ஆயிற்று. பழைய கல்வெட்டை அவர்கள் அழிக்கவில்லை. எது மாறியது என்பதை இன்றும் சுவரில் படிக்கலாம். ஆனால் நிலமில்லாதவருக்கு அந்தச் சபையில் இடமில்லை என்பதையும் மறக்கலாகாது.

நம் காவிரிப் படுகைக்கு வருவோம். வாய்க்காலில் தண்ணீர் முறையைத் தலைமடைக்காரர்கள் கூடி மாற்றிவிட்டால், கடைமடைக்காரர் தமக்கென்று தனிக் காவிரியா வெட்டிக்கொள்வார்? மஹல்லாவிலும் அப்படித்தான். ஊருக்குள்ள கபரஸ்தான் ஒன்றே. விலகிப்போக வழியில்லாத இடத்தில், கை தூக்கியவர்களை எண்ணினால் மட்டும் நியாயம் பிறந்துவிடாது. பாதிக்கப்படுகிறவரின் சொல்லைக் கேட்கும் கடமை அங்கே இரட்டிப்பாகிறது.

உஹது போருக்கு முன் மதீனாவுக்குள் இருந்தே எதிர்ப்பதைத்தான் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விரும்பினார்கள். ஆயினும் வெளியே செல்ல வேண்டும் என்ற தோழர்களின் கருத்தை ஏற்றார்கள். பெரும் இழப்பு நேர்ந்தது. அதன் பிறகும், அத்தோழர்களை மன்னித்து அவர்களோடு கலந்தாலோசிக்கும்படியே இறைமறை (3:159) பணித்தது. முடிவு பிழைத்தது என்பதற்காக ஆலோசனை கைவிடப்படவில்லை.

ஆகவே அந்த இளைஞரிடம் சொன்னேன்: "தம்பி, விதியை மாற்றலாம். ஆனால் மாற்றத்தை எல்லோர் முன்னும் வை. அதனால் இழப்பவனை முதலில் பேசவிடு. பழைய விதியை மறைக்காதே. நாளை அதே மாற்றம் உனக்கு எதிராக வந்தாலும் ஏற்பாயா என்று உன் நெஞ்சைக் கேள்."

நம் ஜமாஅத்துகளிலும் வீடுகளிலும் இப்படிக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறோமா? சிந்திப்போமாக!