திரையின் மூலையில் ஓர் எண்

சில தினங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹவுள் அருகே அமர்ந்திருந்தபோது, வேலைக்குச் செல்லும் இளைஞர் ஒருவர் வந்து, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்" என்று ஆரம்பித்தார். தலாக்கோ, வாரிசுச் சொத்தோ என்று எண்ணிச் செவி சாய்த்தோம். அவர் கேட்டதோ கம்ப்யூட்டரில் விளையாடுவதற்கான கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றி! இருப்பதை வைத்துக் கொள்வதா, புதியதை வாங்குவதா, வாங்கினால் அது இஸ்ராஃப் ஆகுமா என்பதே கேள்வி.

சிரித்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அறுபதாயிரம் ரூபாயைச் செலவழிக்கும் முன் ஒரு வாலிபர் அல்லாஹ்வை நினைத்துத் தயங்குகிறார் என்றால் அது சிரிக்கும் விஷயமன்று. உட்கார வைத்து விசாரித்தோம்.

திரையில் நாம் காணும் அசைவு, சினிமாவைப் போலவே, அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படங்கள்தாம். விளையாட்டில் அவற்றை முன்கூட்டியே எடுத்து வைக்க முடியாது. ஆடுபவரின் கையசைவுக்கேற்ப அந்தந்தக் கணத்தில் வரைய வேண்டும். அதைச் செய்வதே இந்தக் கார்டு. அவரிடம் இருப்பது 2019-ல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். ஆசைப்படுவது 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5070.

"இருப்பதில் என்ன குறை கண்டீர், தம்பி?" என்றோம். யோசித்தார். ஐந்து வருடமாக மனநிறைவோடுதான் விளையாடினாராம். ஒரு நாள் நண்பர் சொன்னதைக் கேட்டு, வினாடிக்கு எத்தனை படம் வரையப்படுகிறது என்ற எண்ணைத் திரையின் மூலையில் ஓடவிட்டிருக்கிறார். அன்று முதல் அவர் விளையாட்டைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்க்கிறார். 55 என்று காட்டினால் மனம் சுருங்குகிறது. நண்பர் வீட்டில் 140 ஓடுகிறதாம்!

கண் ஐந்து வருடமாகக் காணாத குறையை எண் ஒரே மாலையில் காட்டிக் கொடுத்துவிட்டது. நம் கவலை இதில்தான்.

அவருடைய மானிட்டரோ வினாடிக்கு 60 தடவை மட்டுமே படத்தை மாற்றக்கூடியது. கார்டு 140 வரைந்தாலும் அந்தத் திரை அத்தனையையும் காட்டாது; கைக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள தாமதம் சிறிது குறையலாம், அவ்வளவே. ஆகவே மானிட்டரும் புதிதாக வேண்டும். 5070 கார்டு 250 வாட் மின்சாரம் இழுக்கும். 650 வாட் பவர் சப்ளை வைக்கச் சொல்கிறார்கள். அவரிடம் இருப்பது 550. யானை வாங்கியவன் சங்கிலிக்கும் அங்குசத்துக்கும் பணம் தேடும் கதைதான்.

அந்தப் பெரிய எண்ணும் முழுக்க வரைந்து வந்ததன்று. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் இக்கார்டை அறிமுகம் செய்த என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 2022-ல் 1,599 டாலருக்கு வந்த 4090-இன் திறனை இது 549 டாலருக்குத் தரும் என்றார். செயற்கை நுண்ணறிவின் துணையால்தான் என்பதையும் அவரே சொன்னார். அதாவது, உண்மையில் வரைந்த ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே மூன்று படங்கள் வரை இயந்திரம் ஊகித்துச் செருகுகிறது. கண்ணுக்கு வழவழப்பாக இருக்கும். ஆனால் செருகிய படத்துக்கு ஆடுபவரின் கை அசைந்தது தெரியாது. எண் நான்கு மடங்கானாலும் கைக்குக் கிடைக்கும் பதில் நான்கு மடங்கு விரைவாவதில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டும் நம் விரல்களுக்கும் சில சமயம் இது நேர்கிறது அல்லவா?

தவணையில் வாங்கலாமா என்றும் கேட்டார். வட்டி என்றால் பேச்சுக்கே இடமில்லை. 'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்திலும் பல சமயம் வங்கி வட்டியைக் கணக்கில் போடுகிறது, அதே தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார்கள். தாளைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம் என்றோம்.

இதனால் புதியது எல்லாமே இஸ்ராஃப் என்று சொல்லிவிடவும் முடியாது. அசைபடம் செய்து பிழைப்பவருக்கு இது தொழிற்கருவி. வசதியுள்ளவர், கடமைகளை நிறைவேற்றியபின், ஹலாலான ஒரு பொழுதுபோக்குக்குச் செலவழிப்பதை நாம் யார் தடுக்க? (தொழுகையை விழுங்கும் விளையாட்டு எந்தக் கார்டில் ஓடினாலும் கேடுதான், அது வேறு பேச்சு.) மெய்யான குறையும் உண்டு. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டுக்கு ஒளிக்கதிரின் போக்கைக் கணக்கிடும் தனி வசதி கார்டில் இருந்தாக வேண்டும். 1660-இல் அது கிடையாது.

உபதேசம் செய்யும் நாமும் தப்பியவரல்லர். வீட்டில் ஒரு தஃப்ஸீர் இருக்க, அச்சு அழகாக இருக்கிறதென்று அதையே மறுபடி வாங்கியிருக்கிறோம். பழைய பிரதியில் பாதிக்கு மேல் நாம் இன்னும் புரட்டவே இல்லை.

ஒரு மாதம் அந்த எண்ணை மறைத்துவிட்டு விளையாடும்படியும், எண் சொல்லாமல் தாமாக உணரும் குறையை மட்டும் எழுதிக் கொண்டு வரும்படியும் சொல்லி அனுப்பினோம். சொன்னபடியே வந்தார். நிழல்களின் தரத்தை ஒரு படி குறைத்ததில் தடுமாற்றமெல்லாம் நின்றுவிட்டதாம். காகிதத்தில் ஒரே வரி: அந்த இண்டியானா ஜோன்ஸ் மட்டும் ஓடவில்லை.

"அதற்கு 5070 தான் வேண்டுமா?" என்றோம். வேண்டாமாம். அதே வருடம் 299 டாலருக்கு வந்த 5060 போதும். பவர் சப்ளையையும் மாற்ற வேண்டாம், பழைய மானிட்டரே இருக்கட்டும் என்றார். சம்பளத்தில் மாதம் மூவாயிரம் ரூபாய் தனியே எடுத்து வைக்கத் தொடங்கியிருக்கிறார்.