கருவிற் பிழைத்தல்

போற்றித் திருவகவலில் மணிவாசகப் பெருமான் கருவுற்றது முதல் 10 திங்களையும் ஒவ்வொன்றாக எண்ணுகின்றார். உறுப்புக்களின் வளர்ச்சி மருத்துவ நூலார்க்குரியது. அடிகள் கூறியது ஒவ்வொரு திங்களினும் உயிர் தப்பிய இடுக்கண்.

நான்காந் திங்களுக்கு அவர் சொல்வது இருள். ஆணவ இருளை ஓதியுணர்ந்த நமக்கு அச்சொல் வாளா கடந்து போகற்பாலதன்று. கருவுற்ற 22 நாளளவில் நெஞ்சந் துடிக்கத் தொடங்குமென்பர் இக்கால மருத்துவர். துடிப்பினும் உயிர் தன்னை அறியாது. வினைக்கேற்ற உடலைக் கூட்டுவிப்பான் வேறொருவன். திருமூலரும் இரண்டாந் தந்திரத்துக் கர்ப்பக் கிரியையில் இதனை விரித்தார்.

சோழவரத்து ஏரிநீரைக் கரை தாங்குமாறுபோலக் கருவைத் தாய்வயிறு தாங்குகின்றது. பத்தாந் திங்களிலோ தாங்குவாளும் உடன் துயருறுகின்றாள். அடிகள் அவளை மறவாது உடனெண்ணினார். பிறவியை இகழப் புகுந்தார் சிலர் தாயையும் இகழ்ந்துரைப்பது அவ்வகவலின் கருத்தன்று.