பழுது பார்ப்போனின் கடமை: ஓர் அறவியல் நோக்கு

தொழில் செய்பவன் ஒருவன் அத்தொழிலால் யாருடைய நலனைப் பேணக் கடமைப்பட்டுள்ளான் என்னும் வினா அறவியலில் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். பிளேட்டோவின் 'குடியரசு' முதற் பாகத்தில் திரசிமாக்கசுடன் வாதிடும் சோக்கிரதீசு, மருத்துவக் கலை மருத்துவனின் நலனையன்றி நோயாளியின் நலனையே நாடுகின்றது என்பார். கூலி பெறுதல் அக்கலையின் கூறன்று, அதனோடு ஒட்டி நடக்கும் வேறொரு கலை என்பதும் அவர் கூற்றாகும். இவ்வாதம் மருத்துவனுக்கும் மாலுமிக்கும் இலகுவிற் பொருந்துகின்றது. கல்முனையிலோ சம்மாந்துறையிலோ பழைய உழவு இயந்திரம் ஒன்றின் உயர்த்தியைப் பழுது பார்க்கும் தொழிலாளியை எடுத்துக்கொண்டால் நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை. அவனுக்குப் பணம் கொடுப்பவன் இயந்திரத்தின் உரிமையாளன். அவன் கை வைப்பது இரும்பில். அவன் செய்த வேலைக்குக் கீழே சென்று குனியப்போகின்றவனோ இவ்விருவரும் அல்லாத மூன்றாமவன்.

வினா விளங்குவதற்கு அப்பொறியைப் பற்றிச் சிறிது கூறுதல் அவசியமாகின்றது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் விரிவடைந்த எமது வயற்பரப்பில் 'மெசின்' என்றே வழங்கும் உழவு இயந்திரங்களுள், 35, 135 என்னும் இலக்கங்கள் கொண்ட பழைய மசி பெர்குசன்கள் இன்றும் உழுகின்றன. 135 அறிமுகமானது 1964 இல். இவற்றின் மூலக்கருத்து அயர்லாந்தில் பிறந்த ஹரி பெர்குசனுடையது (1884–1960). கலப்பையை வண்டி போலப் பின்னால் இழுத்துச் செல்லாமல், மூன்று இணைப்புகளால் இயந்திரத்தோடு ஓருடலாக்கி, எண்ணெய் அமுக்கத்தால் உயர்த்தியும் தாழ்த்தியும் உழலாம் என்பதே அவரது கண்டுபிடிப்பின் சாரம். இதனால் கலப்பையின் பாரமும் மண்ணின் எதிர்ப்பும் பின் சில்லுகளை நிலத்தோடு அழுத்த, பாரங்குறைந்த இயந்திரமும் வழுக்காது உழுதது. கொவன்றி நகரில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெர்குசன்கள் இவ்வமைப்புடன் செய்யப்பட்டன. (1938 இல் பெர்குசனும் ஹென்றி போர்டும் எழுத்து எதுவுமின்றிக் கைகுலுக்கி உடன்பட்டே இவ்வமைப்பை அமெரிக்காவில் உற்பத்தி செய்யத் தொடங்கினர். அந்தக் கைகுலுக்கல் நீதிமன்றம் சென்று, 1952 இல் 92.5 லட்சம் டொலரில் முடிந்தது. வாக்கை நம்பி நடக்கும் தொழில்களில் இதுவும் ஒன்று போலும்.)

உயர்த்தியின் இயக்கம் எளிமையானது. பின் அச்சுப் பெட்டிக்குள் எண்ணெயில் மூழ்கியிருக்கும் பம்பு, அங்கேயே அமைந்த சிலிண்டருக்குள் எண்ணெயைத் தள்ளுகின்றது. பிஸ்டன் நகர்ந்து குறுக்குத் தண்டைத் திருப்ப, புயங்கள் இரண்டும் மேலெழுகின்றன. கீழிறங்குவதற்கு விசை எதுவும் இல்லை. கலப்பையின் சொந்தப் பாரமே எண்ணெயை வெளித்தள்ளி இறங்குகின்றது. ஆகவே, உயர்த்திய கலப்பையை ஆகாயத்தில் நிறுத்தி வைத்திருப்பது அடைபட்ட எண்ணெய் மாத்திரமே. பிஸ்டன் வளையங்களோ, சிலிண்டரின் உட்சுவரோ, வால்வோ தேய்ந்தால், அந்த எண்ணெய் மெல்லக் கசிந்து மீண்டும் அதே பெட்டிக்குள் விழுகின்றது. வெளியே ஒரு துளியும் தெரிவதில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்வரை பம்பு இழப்பை ஈடுசெய்துகொண்டே இருப்பதால், புயங்கள் சற்றே தாழ்ந்து மீண்டும் எழுந்து தலையாட்டுவதோடு சரி. இயந்திரத்தை நிறுத்தினாலே தேய்வின் அளவு புலப்படும். கலப்பை நிலத்தை நோக்கி இறங்கத் தொடங்கிவிடும்.

இந்நோய்க்குச் செய்யப்படும் பரிகாரங்கள் பலதரத்தன. முறையான வழி, மேல்மூடியைச் சங்கிலி கொண்டு தூக்கி இறக்கி, சிலிண்டரையும் பிஸ்டனையும் அளந்து பார்த்து, தேய்ந்ததைக் கடைந்தோ மாற்றியோ பூட்டுவதாகும். இதற்கு நாளும் பணமும் வேண்டும். இரண்டாவது வழி, சுவரில் கீறல் இருக்க வளையங்களை மட்டும் மாற்றுவது. மூன்றாவது, தடித்த எண்ணெயை ஊற்றி விடுவது. காலையில் அது நன்றாகவே தாங்கும். எண்ணெய் சூடேறி இளகும்போது பழைய கதையே. எல்லாவற்றிலும் மோசமானது, அமுக்கம் எல்லை கடவாது காக்கும் வால்வின் வில்லுக்கு வளையம் இட்டு இறுக்கி, தேய்ந்த உயர்த்தியையும் பாரம் தூக்கச் செய்வது. காவலாளியையே கட்டிப்போடும் வேலை அது.

இவற்றைக் கண்டவுடன் பழுது பார்ப்போனைப் பழித்தல் நீதியன்று. மாரிப் போகத்துக்கு நிலம் பண்படுத்தும் நாட்கள் எண்ணப்பட்டவை. வாய்க்காலில் நீர் வரும் நாளோ கூட்டத்தில் முன்னரே குறிக்கப்படுவது. ஒரு மெசின் நின்றால் ஒரு வட்டையே காத்திருக்கும். இறக்குமதி இறுகக் கட்டுப்படுத்தப்பட்ட 1970–1977 காலத்தில் உதிரிப்பாகம் என்பதே அருமையாயிற்று. 2022 இன் அந்நியச் செலாவணி நெருக்கடியிலும் அத்தகைய நிலையே திரும்பிற்று. அக்காலங்களில் கடைசல் பட்டறைகள் இல்லாத பாகத்தை உண்டாக்கி வேளாமையைக் காத்தன. இது கலை, ஏமாற்றன்று. அறவியல் வினா பிறக்குமிடம் வேறு. "இந்த வேளாமை முடியுமட்டும் தாங்குமா காக்கா?" என உரிமையாளன் கேட்கையில், "தாங்கும்" என்று சொல்லப்படும் அந்த ஒரு சொல்லிலேயே அது பிறக்கின்றது.

குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது வள்ளுவர் கருத்து. காண்ட் என்னும் ஜெர்மானியரோ நன்மை கருதியும் பொய் கூடாது என்பார். உழவு தடைப்படாதிருக்கச் சொன்ன "தாங்கும்" வள்ளுவரின் விதிவிலக்கில் அடங்குமா? அடங்காது என்பதே என் துணிபு. வள்ளுவர் இட்ட நிபந்தனை நன்மை மாத்திரமன்று, அந்நன்மை புரைதீர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். இங்கே நன்மை உரிமையாளனுக்கு, ஆபத்து வேறொருவனுக்கு. உலர்ந்த தானியத்தின் அடியில் ஈரத் தானியத்தை வைத்திருந்த வணிகரை நபிகள் நாயகம் கண்டித்த நிகழ்ச்சி எமது ஊர்களில் நெல் விற்போர் அனைவரும் அறிந்ததே. நனைந்த நெல்லை விற்கலாம், அதன் ஈரத்தை மறைக்கலாகாது. அங்ஙனமே அரைகுறையாகப் பழுது பார்க்கலாம், அதன் அரைகுறையை மறைக்கலாகாது. பெட்டிக்குள் நிகழும் கசிவு அடியில் கிடக்கும் ஈர நெல்லைப் போன்றது. கை விட்டுப் பார்த்தவனுக்கே தெரியும், பார்த்தவனோ ஒருவனே.

உரிமையாளனிடம் எல்லாவற்றையும் விளக்கி, அவன் சம்மதத்துடன் மலிவான வழியைச் செய்தால் கடமை தீர்ந்ததா? பணத்தைப் பொறுத்தவரை தீர்ந்தது. நட்டம் அவனுடையது, துணிவும் அவனுடையதாகலாம். ஆயின், உயர்த்திய சுழல் கலப்பையின் கத்திகளிற் சுற்றிய புல்லையும் வைக்கோலையும் அறுத்தெடுக்க அதன் கீழ் குனிபவன் உரிமையாளன் அல்லன். நாட்கூலிக்கு வந்த சாரதி, அல்லது அவனுக்கு உதவியாக வந்த இளைஞன். தன் உடலுக்கு வரும் ஆபத்துக்கு ஒருவன் சம்மதிக்கலாம். பிறனுடைய முதுகின் சார்பாகச் சம்மதிக்க எவனுக்கும் உரிமையில்லை. கலையின் நலன் அக்கலை யாரைத் தொடுகின்றதோ அவனுக்குரியது எனச் சோக்கிரதீசின் வாதத்தை நீட்டினால், பழுது பார்ப்போனின் நோயாளி இரும்பும் அன்று, பணப்பையும் அன்று. கீழே குனிபவனே.

சாரதிக்குத்தான் புயங்கள் தலையாட்டுவது தெரியுமே, அவன் கவனமாக இருக்கட்டும் எனச் சிலர் கூறுவர். தலையாட்டுவதை அவன் அறிவான். எதனால், எவ்வளவு விரைவில் இறங்கும் என்பதை மூடியைத் திறந்தவனே அறிவான். அறிந்தாலும், மறுத்தால் மறுநாள் வேலையில்லை என்பவனின் அறிவு அவனைக் காக்காது. உரிமையாளன் முன்னிலையிற் பேசப்படும் விபரம் சாரதியிடமும் தனியே பேசப்படல் வேண்டும் என நான் கருதுவது இதனாலேயே. புதிய உயர்த்தியும் ஒரு குழாய் உடைந்தால் இறங்கிவிடும் ஆதலின், கலப்பையை நிலத்தில் இறக்கியோ, அடியில் கட்டை கொடுத்தோ அன்றிக் கீழே செல்லலாகாது என்பது எவ்வியந்திரத்துக்கும் உரிய விதி. தேய்ந்த இயந்திரத்துக்கு அவ்விதியை எடுத்துச் சொல்வது பழுது பார்த்தலின் ஒரு பகுதி, மேலதிகமான உபகாரமன்று. அதற்குப் பற்றுச்சீட்டில் இடமில்லை. பூட்டிய பாகங்களும் கூலியும் அதில் எழுதப்படுகின்றன. பூட்டாமல் விட்டதை எழுதும் வழக்கம் எமது பகுதிக் கராஜ்களில் இன்னும் ஏற்படவில்லை. எழுதினால் ஒரு வரிதான் வரும்: சிலிண்டர் மாற்றப்படவில்லை, கட்டையின்றிக் கீழே செல்ல வேண்டாம்.