யார் சொல்ல வேண்டிய சொல்?

சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில், எங்கள் அண்டைவீட்டு நண்பர் ஒருவர் மூளைத்தண்டில் குருதிப் பெருக்கு ஏற்பட்டு நினைவிழந்தார். அன்றிரவு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவர் மகனுடன் நின்றிருந்தேன்.

மூளைத்தண்டு கட்டைவிரல் பருமனே உடையது. ஆயினும் விழிப்பும் மூச்சும் அதன் ஆளுகையில் உள்ளன. இரத்த அழுத்தத்தால் அங்கே குழாய் வெடித்தால், அறுவை செய்து குருதியை அகற்றுவது பெரும்பாலும் இயலாது. ஆகவே மருத்துவர் ஒன்றுதான் கேட்டார்: "மூச்சு தளர்ந்தால் குழாய் செலுத்தி இயந்திரத்தில் வைக்கலாமா, வேண்டாமா?"

கும்பகோணத்திலிருந்து தாய்மாமன் தொலைபேசியில், "செலவைப் பார்க்காதேடா, எல்லாம் செய்" என்றார். பையன் என்னிடம் திரும்பி, "மாமா, வேண்டாம் என்றால் ஊரில் என்னைக் கொலைகாரன் என்பார்களோ?" என்றான். அக்கேள்வியில் தந்தையே இல்லை என்பதை அவன் அறியவில்லை. திருமணங்களுக்கும் இழவுகளுக்கும் போக முடியாமற்போன கடனையெல்லாம் ஓர் இயந்திரத்தைக்கொண்டு தீர்க்க நினைக்கிறோமோ என்று எனக்குத் தோன்றிற்று.

அதற்காக உடனே கைவிடுவதும் அறமாகாது. பிரெஞ்சுப் பத்திரிகை ஆசிரியர் ழான் டொமினிக் போபி 1995இல் மூளைத்தண்டு பாதிக்கப்பட்டுப் பேச்சையும் உடலசைவையும் ஏறத்தாழ முற்றும் இழந்தார். எனினும், இடக்கண் இமையைச் சிமிட்டியே எழுத்தெழுத்தாகச் சொல்லி ஒரு நூலை ஆக்கினார். அசைவின்மை அறிவின்மை அன்று.

"அப்பா என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டேன். தம் தமையனாரைக் குழாய்களோடு கண்ட நாளில், "எனக்கு இது வேண்டாம்" என்றாராம். அவர் மனைவியோ, "பேத்தி கல்யாணம்வரை இருப்பேன் என்றாரே!" என்றார். இரண்டும் அவர் சொற்களே. சில நாள் இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. நான்காம் நாள் இதயம் தானே நின்றது. முடிவு சரிதானா என்று பையன் இன்றும் கேட்கிறான், என்னிடம் விடையில்லை.

2018 மார்ச்சு 9 அன்று உச்சநீதிமன்றம், மருத்துவம் எதுவரை என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கி, இரு சாட்சிகளோடு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றது. மதிப்பெண் பட்டியலின் நகலுக்கெல்லாம் கெசட்டட் அதிகாரியைத் தேடி அலைந்த தலைமுறைக்கு இது கடினமான காரியமா?

என் தாளை எழுதி முடித்துவிட்டேன். அதை மனைவியிடம் காட்டும்போதெல்லாம், "நாளும் கிழமையுமாய் இந்தப் பேச்சு எதற்கு?" என்று அடுக்களைக்குள் போய்விடுகிறாள். தாள் அலுவலகப் பையிலேயே இருக்கிறது.