காவடிச் சிந்துல கவிராயர் என்னதான் சொல்றாரு?

 

பங்குனி உத்திரம் வந்தா கோவில்பட்டி சுத்துவட்டாரத்துல இருந்து கழுகுமலைக்கு எத்தனை ஜனம் நடக்குது! ரெண்டு பக்கமும் பருத்தி எடுத்து முடிஞ்ச கரிசல் காடு, காலுக்குக் கீழே கொதிக்கிற தார் ரோடு, முன்னாடி வேன்ல ஸ்பீக்கர். அதுல காவடிச் சிந்து மெட்டு ஆரம்பிச்சதும், அதுவரைக்கும் "இன்னும் எவ்வளவு தூரம்ணே?"ன்னு கேட்டுக்கிட்டு வந்த தம்பிகூட ஆட ஆரம்பிச்சிடுவான்.

அந்த மெட்டுக்கு அப்படி ஒரு சக்தி. சின்னச் சின்னத் துண்டாக வெட்டின சொற்கள், ஒவ்வொரு துண்டு முடியும்போதும் ஒரே மாதிரி ஓசை, அதுக்கு ஏத்த அடி. நடக்கறவங்களுக்காகவே செஞ்ச பாட்டு. ஆனா பத்து வருஷமா இந்தப் பாட்டைக் கேட்டும் அதுல என்ன சொல்லியிருக்குன்னு தெரியாத நிறைய பேர் நம்மகிட்ட இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

பாடினவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். கவிராயர்னு சொல்லுவாங்க. சென்னிகுளம் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் உள்ள ஊர். 1865-ல் பிறந்தார், 1891-ல் முருகன் அடி சேர்ந்துட்டார். கணக்குப் போட்டுப் பாருங்க, 26 வயசு. நம்ம குரூப்ல பாதிப் பேரோட வயசு! ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் இவரை ஆதரிச்சவர். அவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்தப்போ கூடவே நடந்து கவிராயர் பாடினதுதான் இந்தச் சிந்துன்னு பெரியவங்க சொல்லுவாங்க.

அதுல கோயில் வளத்தைச் சொல்ற பாட்டுதான் எல்லாருக்கும் தெரிஞ்சது. கச்சேரியிலயும் பாடுறாங்க, பஜனையிலயும் பாடுறாங்க. "கோயில் அழகைச் சொல்றேன் கேளும்மா"ன்னு ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்ற மாதிரி பாட்டு போகும். எடுத்த எடுப்புல கவிராயர் தன் ஊரையும் பேரையும் சொல்லிடுறார். அடுத்து அவர் சொல்றதுதான் விசேஷம். தான் சொன்ன, உலகமே மெச்சின இனிமையான கவிதையை முருகன் தன்னோட புயவரையில் சூடிக்கிறான்னு சொல்றார். புயம்னா தோள். வரைன்னா மலை. மலை மாதிரித் தோள்ல, பூமாலைக்குப் பதிலா ஒரு கரிசல்காட்டுப் பையனோட சொல்லை மாலையாப் போட்டுக்கிட்டு நிக்கிறான் சுவாமி!

இது தெரியாம ஆடும்போது அது ஒரு நல்ல குத்து மெட்டு, அவ்வளவுதான். தெரிஞ்சு பாடிப் பாருங்க. பாடறவன் தோள்ல காவடி அழுத்துது. பாடற சொல்லு சுவாமி தோள்ல ஏறுது. இடும்பன் ரெண்டு மலையைத் தோள்ல சுமந்து வந்த கதையிலதான் காவடியே பிறந்தது. அந்த மலையும் தோளும் இங்கே சுவாமிகிட்டப் போய்ச் சேர்ந்திடுச்சு. என்னைக் கேட்டா, இதுக்கு அப்புறம் அந்த வரியை ஸ்டேட்டஸ்ல வெறும் பின்னணி இசையா வைக்க மனசு வராது.

நடுவுல கோபுரத்தோட தங்கக் கலசம் தேவலோகத்தைத் தாண்டிப் போறதையும், முழவு முழங்குறதையும், கொடிமரத்தையும் வரிசையாச் சொல்லிக்கிட்டு வருவார். அதுல ஒரு குறும்பு. அடியார்கள் கூடி அருணகிரிநாதர் திருப்புகழைப் பாடுற சத்தத்துல தேவர்கள் காதே அடைச்சுப் போகுதாம். நம்ம ஸ்பீக்கர் செட் அண்ணன்மார் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டாம், அவர் சொல்றது வாயால பாடுற சத்தத்தை! கழுகுமலைக்கு அருணகிரிநாதர் திருப்புகழ் பாடியிருக்கார். அதே மலையில் பின்னாடி வந்த ஒரு புலவர், "அந்தப் பாட்டு இங்கே எப்படி ஒலிக்குது தெரியுமா"ன்னு தன் பாட்டுக்குள்ளே அதைக் கொண்டுவந்து வெச்சிருக்கார்.

கடைசி அடிக்கு வருவோம். ஸ்பீக்கர்ல பாதிப் பேர் இதுக்கு முன்னாடியே அடுத்த பாட்டுக்குப் போயிடுறாங்க. எனக்கு அதுதான் வருத்தம். பாட்டோட உயிரே அங்கேதான் இருக்கு. காவடியைத் தோள்மேல ஏத்திக்கிட்டு, நெருப்புல பட்ட மெழுகு மாதிரி உருகி வர்றவங்க யாரா இருந்தாலும் இகத்துலயே கதி காண்பாங்கன்னு முடிக்கிறார். இகம்னா இந்தப் பிறவி, இந்த உலகம். செத்த பிறகு கிடைக்கும்னு சொல்லலை. யாரா இருந்தாலும்னு சொன்னதையும் கவனிங்க. ஜமீன்தார் கூட நடந்து வந்த புலவர், ஜமீன்தாருக்குன்னு தனிக் கதி எதுவும் வைக்கலை.

மெழுகு எப்படி உருகும்னு பங்குனி மதியம் கழுகுமலை ரோட்டுல நடந்தவங்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம். முதல்ல உடம்பு உருகும். அப்புறம் வேலை கிடைக்காத கோபம், வீட்டுல பேசாம இருக்கிற வைராக்கியம், அதெல்லாம் எந்த மைல்கல்லுலயோ இளக ஆரம்பிக்கும். அந்த நேரத்துல இந்த அடி காதுல விழுந்தா, அது நூத்து முப்பது வருஷத்துக்கு முந்தின பாட்டாத் தெரியாது. "உன்னைத்தான்டா சொல்றேன்"ங்கிற மாதிரி இருக்கும்.

இன்னொரு விஷயம். சிந்துல நிறைய பாட்டு தலைவி ஏக்கமா வரும். முருகன் மேல ஆசைப்பட்ட பெண் தோழிகிட்டப் புலம்புறது. "பக்திப் பாட்டுல இதெல்லாம் எதுக்கு?"ன்னு ஒரு தங்கச்சி கேட்டாங்க. பதில் ரொம்பச் சுலபம்மா. ஒருத்தரோட மெசேஜுக்காக ராத்திரி முழுக்கப் போனைப் பார்த்துக்கிட்டு இருக்கிற தவிப்பு நமக்குத் தெரியும்ல? அந்தத் தவிப்பைச் சுவாமி பக்கம் திருப்பி வெச்சிருக்கார், 26 வயசைத் தாண்டாத ஒரு ஆள். வயசானவர் உபதேசமா இருந்தா இவ்வளவு சூடு இருந்திருக்காது.

சொல்லு மாறினா அதே மெட்டு எப்படி மாறும்ங்கிறதுக்கு எட்டயபுரத்து பாரதியையே பார்க்கலாம். நொண்டிச் சிந்து, தப்பு செஞ்சு காலை இழந்தவன் தன் கதையைச் சொல்ற நாடகங்கள்ல ஒலிச்சது. பாரதி அதை எடுத்து நாட்டு ஜனங்களோட நிலைமையைப் பாடினார். கேட்டவங்களுக்கு ஒரு ஊரே நொண்டி நிக்கிற மாதிரி ஆயிடுச்சு. இடைசெவல்காரரான எழுத்தாளர் கு. அழகிரிசாமி, கதை எழுதுறதோட நிக்காம நம்ம காவடிச் சிந்தைப் பதிப்பிச்சும் கொடுத்தார். காதோட நின்ன பாட்டைக் கண்ணுல படிக்கவும் வைக்கணும்னு அவருக்குத் தோணியிருக்கு.

அதனால இந்த உத்திரத்துக்கு நடக்கிற தம்பி தங்கைகளே, கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி அந்த ஒரு பாட்டை மட்டும் எழுத்துல வெச்சு மெதுவா வாசிங்க. புரியாத சொல்லுக்கு வீட்டுல தாத்தா, பாட்டி, தமிழ் ஐயா யாரையாவது கேளுங்க. நாலாட்டின்புத்தூர் தாண்டினதும் ஸ்பீக்கரைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிட்டு, நீங்களே வாயால பாடுங்க. சுருதி விலகினா விலகட்டும். கடைசி அடியை மட்டும் விட்டுடாதீங்க.

கழுகாசலமூர்த்திக்கு அரோகரா! வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!